பழகாத கை

அவலூர்பேட்டைச் சந்தையில் துரைக்கண்ணுவின் வாய்க்கு எதிர்வாய் கிடையாது. மாட்டுத் தரகன் என்றால் சும்மாவா? பல் தேய்ந்த காளையின் வாயைத் திறந்து காட்டியே அதை இளங்காளை என்று நம்பவைத்துவிடுவான். வாங்குகிறவனும் ஏமாறுகிறோம் என்று தெரிந்தே சிரித்துக்கொண்டு ஓட்டிப் போவான். "அவன் வாய மட்டும் தனியா வித்தா ஒரு ஜோடி உழவு மாட்டு வெலைக்குப் போவும்" என்று மற்ற தரகர்கள் வயிறு எரிவார்கள். அப்பேர்ப்பட்ட வாய், பதினோரு மாதமாக ஒரே ஒரு பேச்சைச் சொல்லமாட்டாமல் மூடிக்கொண்டு கிடந்தது.

அது நீளமான பேச்சுகூட இல்லை. "சூடு போடச் சொன்னது நான்தான்." அவ்வளவுதான். அதைச் சொல்லியிருந்தால் அவன் பெண்டாட்டி மங்கை செஞ்சி சப்-ஜெயிலில் கொலைக் குற்றவாளியாக உட்கார்ந்திருக்க வேண்டாம். இது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். உலகத்தில் வேறு ஒருவருக்கும் தெரியாது.

நடந்ததைச் சொல்கிறேன். அறுபத்து மூன்றாம் வருஷத்து ஐப்பசி. செஞ்சிக் கோட்டைக்குப் பின்பக்கம் சிங்கவரம் போகிற வழியில் அவன் வீடு. மூத்த தாரம் காமாலையில் போய்ச் சேர்ந்தபோது விட்டுப்போன பெண்குழந்தை ரஞ்சிதத்துக்கு அப்போது ஐந்து வயது. இரண்டாவதாகக் கட்டிக்கொண்டு வந்த மங்கைக்கு ஒரு பையன், கோவிந்தசாமி, இரண்டு வயதுக்காரன். சீயமங்கலத்துப் பெண் மங்கை. தூரத்து உறவு, அதனால் புருஷனை மாமா என்றே கூப்பிடுவாள். அந்தப் பெண்குழந்தையை அவள் எப்படி வைத்திருந்தாள் என்று பக்கத்து வீட்டு ரத்தினம்மாளைக் கேட்டால் கதைகதையாகச் சொல்வாள். தலைவாரிப் பின்னி விடாமல் ஒருநாள் வெளியே அனுப்பியதில்லை. ஆனால் சின்னம்மா என்ற ஒரு பெயர் இருக்கிறதே, அது எதை நம்பவைக்கும், எதை நம்பவிடாது என்பது ஊருக்கே தெரிந்த விஷயம்.

இரண்டு தெரு தள்ளி மீனம்பாள் இருந்தாள். மூத்த தாரத்தின் அக்கா. குழந்தைகளுக்கு மாந்தம், இழுப்பு என்றால் செஞ்சியைச் சுற்றி ஏழெட்டு ஊர்க்காரர்கள் அவளிடம்தான் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். விரலி மஞ்சளை விளக்கில் காட்டி, நுனி கனிந்ததும் தொப்புளுக்கு மேலே தொட்டு எடுப்பாள். மூன்றே மூன்று பொட்டு, துவரம்பருப்பு அளவுக்கு. குழந்தை வீல் என்று கத்துவதற்குள் கை விலகியிருக்கும். அது சரியான வைத்தியமா என்று என்னைக் கேட்காதீர்கள், நான் டாக்டர் இல்லை. அந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப்பேர் வயிற்றில் அவள் வைத்த மூன்று பொட்டு இருந்தது, அதுமட்டும் நிஜம்.

அவளுக்கும் துரைக்கண்ணுவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. தங்கை செத்த முப்பதாம் நாளே, "பொண்ண என்கிட்ட குடுத்துட்டு நீ எவளையாவது கட்டிக்கோ" என்று அவள் கேட்டாள். அவன் வாய்தான் சும்மா இருக்காதே. பிள்ளை இல்லாதவள் பிள்ளைக்கு அலைகிறாள் என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டான். சொல்லக்கூடாத சொல். அன்றைக்கு மூடின கதவு அது.

அந்தப் புதன்கிழமை விடிகிற நேரத்தில், இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்த ரஞ்சிதத்துக்கு இழுப்பு கண்டது. கண் மேலே செருகி, கை கால் வெட்டி இழுத்து, சற்று நேரத்தில் தானாக நின்றது. துரைக்கண்ணு அப்போது ஒரு ஜோடி காளையைப் பிடித்துக்கொண்டு சந்தைக்குக் கிளம்பி நிற்கிறான். வாக்குக் கொடுத்த ஆள் சந்தையில் காத்திருப்பான்.

"மாமா, மீனம்பா அக்காவ கூப்ட்டுகினு வரட்டுமா?" என்றாள் மங்கை.

"அவ வாசல்ல போயி நின்ன, அப்டியே உங்க அம்மா வூட்டுக்குப் போயிடு. இந்த வூட்டுக்கு வராத."

"அப்ப ஆஸ்பத்திரிக்காவது தூக்கினு போறேன்."

"ஜன்னி கண்ட புள்ளைக்கு ஊசி குத்துனா அப்பவே போயிடும்மே. ஒண்ணும் வேணாம். திரும்ப இழுத்தா நீயே சூடு போட்டு வுடு."

"எனக்குத் தெரியாதே மாமா. நான் போட்டதே இல்லியே."

"இன்னாமே பெரிய வித்த? மாட்டுக்குப் போடறத பாத்ததில்ல நீ? அது மாதிரிதான். இரும்ப காயவெச்சு வெச்சா நின்னுடும்."

சொல்லிவிட்டு மாட்டைத் தட்டிக்கொண்டு போய்விட்டான். ஐயோ மனுஷா, இரண்டு தெரு தள்ளித்தானே அந்த வீடு!

பத்து மணி சுமாருக்கு இழுப்பு மறுபடி வந்தது. இந்தத் தடவை நிற்கவில்லை. மங்கை கரண்டிக் காம்பை அடுப்பில் வைத்தாள். மாட்டுக்குச் சூடு போடுவதைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். தோல் தடித்த எருதின் தோளில், நாலு பேர் அமுக்கிப் பிடிக்க, புகை வருகிறவரை அழுத்துவார்கள். அவள் ஒருத்தி. குழந்தையோ வெட்டி இழுக்கிறது. முதல் சூட்டில் இழுப்பு நிற்கவில்லை. இரண்டாவதிலும் நிற்கவில்லை. ஐந்தாவதில் நின்றது. குழந்தை அசந்து தூங்குகிறது என்றே அவள் நினைத்தாள். வெண்ணெய் தடவி, மடியில் போட்டு விசிறிக்கொண்டே இருந்தாள். மத்தியானம் உடம்பு சில்லிட்ட பிறகுதான் அவள் போட்ட சத்தம் தெருவுக்குக் கேட்டது.

சத்தம் கேட்டு ஓடிவந்தவர்களில் மீனம்பாளும் ஒருத்தி. மூன்று வருஷம் கழித்து அந்த வீட்டுக்குள் வருகிறாள். தங்கை மகளின் மேல் கிடந்த துணியை விலக்கிப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாத சூடா? பார்த்ததும் மார்பில் அறைந்துகொண்டு, வந்த காலோடு நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள்.

துரைக்கண்ணு பொழுது சாய வந்தபோது வாசலில் போலீஸ். மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிப் பின்கட்டுப் பிணவறைக் கொட்டகை வாசலில் அவனை நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் நின்ற ஏட்டு பீடி பிடித்தபடி, "போட்டவ மட்டும் இல்ல, எவனாவது போடச் சொல்லியிருந்தா அவனுக்கும் கயிறுதான்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து டாக்டர் அரங்கநாதன் வெளியே வந்தார்.

"நீதான் அப்பனா? யாருப்பா இந்தச் சூட்ட போட்டது? எதுக்குப் போட்டாங்க?"

"தெரியாதுங்க. நான் சந்தைக்குப் போயிருந்தேன்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஒரு தடவை சொன்னதையே இன்ஸ்பெக்டரிடமும் சொன்னான். எழுதின தாளில் கையெழுத்தும் போட்டான்.

மங்கை மட்டும் முதல் நாளிலிருந்து ஒரே பேச்சுத்தான். "இழுப்பு வந்துச்சு. நிக்கணும்னு போட்டேன்." போலீஸ்காரர்கள் திருப்பித் திருப்பிக் கேட்டது ஒன்றைத்தான். ஊரே மீனம்பாளிடம் போகிறதே, இரண்டு தெரு தள்ளி இருக்கிறவளை நீ ஏன் கூப்பிடவில்லை? அதற்கு அவள், "தோணலீங்க" என்று தலையைக் குனிந்துகொண்டாள். அந்த ஒரு 'தோணலீங்க'வில்தான் வழக்கே நின்றது.

ஒரு மாதம் கழித்து ஜெயிலில் அவளைப் பார்க்கப் போனான். கம்பிக்கு அந்தப் பக்கம் பாதியாக இளைத்துப்போய் நின்றாள். பையன் சாப்பிட்டானா என்று கேட்டாள். ரத்தினம்மாள் பார்த்துக்கொள்கிறாள் என்றான். பிறகு அவள் கேட்டாள்:

"மாமா, மாட்டுக்கு எம்மா நேரம் வெப்பாங்க?"

"அத எதுக்கு இப்ப கேக்கற?"

"நெனச்சி நெனச்சிப் பாக்கறேன். அழுத்தி வெச்சுகினே இருந்தேன் மாமா. ஜாஸ்தியா வெச்சிட்டனா? நான்தான் தப்பா வெச்சிட்டனா?"

அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நான் சொன்னதுதான்னு நான் வேணா சொல்லிடட்டுமா?" என்று கேட்டான். கேட்டான்தான். ஆனால் எப்படிக் கேட்டான்? கொடுக்க மனமில்லாத மாட்டுக்கு விலை சொல்லுகிற மாதிரி கேட்டான். புருஷனின் குரல் பெண்டாட்டிக்குத் தெரியாதா?

"வேணாம். ரெண்டு பேரையும் புடிச்சுப் போட்டுட்டா பையன எவ பாப்பா? நீ தெரியாதுன்னே சொல்லிகினு இரு."

அப்பாடா என்று இருந்தது அவனுக்கு. வெளியே வந்து, ஜெயிலுக்கு எதிர்க்கடையில் ஒரு டீ குடித்தான். அந்த டீ ருசியாக இருந்தது. பிற்பாடு அதை நினைத்துத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல அவனுக்குத் தோன்றிய நாள்கள் உண்டு.

கொலை வழக்கு என்றால் கடலூர் செஷன்ஸ் கோர்ட்டில்தான் தீர்ப்பு. ஆனால் அந்தக் காலத்தில் முதலில் உள்ளூர் மாஜிஸ்திரேட் விசாரித்து, இது கொலை வழக்குத்தானா, கடலூருக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்வார். அந்த விசாரணை செஞ்சிக் கோர்ட்டில் இழுத்துக்கொண்டே போனது. துரைக்கண்ணு தன் முறை வந்தபோது கூண்டில் ஏறி, சந்தைக்குப் போயிருந்தேன், தெரியாது என்று சொல்லி இறங்கியாயிற்று. மீனம்பாள் ஏறி, "என் பொறந்தவ பெத்த பொண்ணு. இது இழுப்புக்குப் போட்ட சூடு இல்லீங்க சாமி. இது வயித்தெரிச்சல்ல போட்ட சூடு" என்று சொல்லி அழுதாள். கடைசி சாட்சி டாக்டர்.

அன்றைக்குக் கோர்ட்டில் கால் வைக்க இடமில்லை. டாக்டர் அரங்கநாதன் செஞ்சிக்கு வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. பிரசவமோ பாம்புக்கடியோ, அவர் கை பட்டுப் பிழைத்த உயிர்கள் அந்தக் கூட்டத்திலேயே பத்து இருக்கும். அவர் ஒன்று சொன்னால் அதற்கு மேல் ஊரில் பேச்சில்லை. துரைக்கண்ணு பின்வரிசை பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். டாக்டர் நல்லவர், குழந்தை காய்ச்சலில் செத்தது என்று சொல்லிவிடுவார், தன் வாயைத் திறக்காமலே எல்லாம் முடிந்துவிடும் என்று அவனுக்குள் ஒரு ஆசை.

டாக்டர் தாளைப் பார்த்துப் படித்தார். ஐந்து சூடு. பழுக்கக் காய்ந்த இரும்பால் வைத்தது. ஒவ்வொன்றும் விரல் நீளம். எல்லாம் உயிர் இருக்கும்போதே வைத்தவை. காய்ச்சலில் தளர்ந்திருந்த குழந்தை அந்த அதிர்ச்சி தாங்காமல் இறந்திருக்கிறது.

"இது வைத்தியத்துக்காகப் போட்டதாக எதிரியான மங்கை சொல்கிறார். உங்கள் அபிப்பிராயம் என்ன?" என்று சர்க்கார் வக்கீல் கேட்டார்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "இந்தக் கேள்வி வரும்னு தெரியும். ரொம்ப நாளா யோசிச்சுட்டு வந்திருக்கேன். இந்த ஊர்ல சூடு போட்ட குழந்தைகள ஆயிரக்கணக்குல பாத்திருக்கேன். போடாதீங்கன்னு திட்டியும் இருக்கேன். ஆனா அது எப்படி இருக்கும்னு எனக்கு நல்லாத் தெரியும். மஞ்சள்ல போடுவாங்க. மூணு பொட்டு, ஒரே வரிசை, மேல்தோலோட நின்னுடும். போடறவங்களுக்குக் குழந்தை மேல இரக்கம் இருக்குன்னு அந்தத் தழும்பப் பாத்தாலே தெரியும். இதுல அப்படி எதுவும் இல்ல. இரும்பு. ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்கு. ஒண்ணு விலாவுக்கே போயிருக்கு. இது பழகின கை இல்ல."

கூட்டத்தில் மீனம்பாள் விசும்புவது கேட்டது.

"இன்னொன்னும் சொல்லணும்" என்றார் டாக்டர். "பிரேதத்த அறுக்கறதுக்கு முன்னாடி குழந்தையோட தகப்பனாரக் கேட்டேன். யார் போட்டது, எதுக்குப் போட்டதுன்னு. தெரியாதுன்னு சொன்னார். குறிச்சு வெச்சிருக்கேன். வைத்தியமா இருந்தா பெத்த அப்பனுக்குத் தெரியாம இருக்குமா? அதையும் சேர்த்துத்தான் இது வைத்தியம் இல்லைங்கற முடிவுக்கு வந்தேன்."

டாக்டர் பாட்டுக்கு உடம்பைப் பார்த்து எழுதியிருப்பார் என்றல்லவா துரைக்கண்ணு நினைத்திருந்தான்! அவன் சொன்ன 'தெரியாதுங்க' அந்தத் தாளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, இத்தனை நாளும் அவன் பெண்டாட்டியின் கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறது.

மங்கைக்காக வாதாடிய திண்டிவனத்து வக்கீல் எழுந்தார். சின்ன வயசுக்காரர், ஆனால் கெட்டி. "டாக்டர், பழகாத கை என்கிறீர்கள். பழகாத கை என்பதும் கெட்ட எண்ணம் என்பதும் ஒன்றா?"

டாக்டர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். மாஜிஸ்திரேட் எழுதுகோலை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணு இல்ல" என்றார். "நீங்க கேட்டதால சொல்றேன். இந்தத் தழும்பப் பாத்தப்ப எனக்கு மாட்டுக்குப் போடற சூடு ஞாபகம் வந்தது. மாட்டுக்குப் போடறத மட்டுமே பாத்த ஒருத்தர்கிட்ட, யாராவது, அதே மாதிரி குழந்தைக்கும் போடுன்னு சொல்லியிருந்தா, இப்படி ஆயிருக்கலாம். அப்படிச் சொன்னவங்க யாராவது வந்து சொன்னா என் அபிப்பிராயத்த நான் மாத்திக்குவேன். ஆனா யாரும் சொல்லலியே. உடம்பு எனக்கு அவ்வளவுதான் சொல்லும்."

கூண்டில் மங்கை தலை குனிந்தபடியே நின்றாள். இந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால்கூட துரைக்கண்ணு உட்கார்ந்தே இருந்திருப்பானோ என்னவோ. அவள் பார்க்கவில்லை. பார்த்தால் அவனைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்றுதான் அவள் பார்க்கவில்லை, அது அவனுக்குப் புரிந்தது. புரிந்ததும் தாங்கமுடியவில்லை. எழுந்துவிட்டான்.

"எசமான், நான்தாங்க சொன்னேன். மாட்டுக்குப் போடற மாதிரி போடுன்னு நான்தான் சொன்னேன். மீனம்பாள கூப்புடக்கூடாதுன்னு சொன்னதும் நான்தான். அவ ஆஸ்பத்திரிக்குப் போறேன்னா. வேணாம்னது நான். அவ மேல ஒரு தப்பும் இல்லீங்க சாமி!"

பதினோரு மாதமாக அடைத்துக் கிடந்தது அத்தனையும் வந்துவிட்டது. ஆனால் என்ன நடந்தது தெரியுமா? பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்.

சர்க்கார் வக்கீல் நிதானமாக எழுந்தார். "டாக்டர் இப்பத்தான் வாய் மூடினார். மாடு என்று அவர் சொன்னார், உடனே இவரும் மாடு என்கிறார். யாராவது வந்து சொன்னால் என்று அவர் சொன்னார், உடனே இவர் வந்து நிற்கிறார். இந்த ஆள் மாட்டுத் தரகர், எசமான். அவலூர்பேட்டைச் சந்தை முழுக்க இவர் பேச்சை அறியும்." பிறகு துரைக்கண்ணுவிடம் திரும்பி, "ஏம்ப்பா, போன மாசம் இதே கூண்டுல சத்தியம் பண்ணி என்ன சொன்ன?"

"தெரியாதுன்னு சொன்னேங்க. பயத்துல சொன்னேன்."

"நீ சொன்னத வேற யாராவது கேட்டாங்களா?"

"இல்லீங்க. அவளும் நானுந்தான்."

மாஜிஸ்திரேட் மங்கையைப் பார்த்தார். "இவர் சொல்றது உண்மையாம்மா? இவர்தான் உன்ன போடச் சொன்னாரா?"

திண்டிவனத்து வக்கீலின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஆமாம் என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், கொலை வழக்கு அங்கேயே சரிந்துவிடும். மங்கை கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கூட்டத்தில் எதையோ தேடியது. ரத்தினம்மாளின் இடுப்பில் கோவிந்தசாமி முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"இல்லீங்க" என்றாள். "யாரும் சொல்லல. எனக்கா தோணுச்சு, போட்டேன்."

வக்கீல் கையிலிருந்த காகிதக் கட்டை மேஜைமேல் போட்டுவிட்டு உட்கார்ந்தார். வழக்கு கடலூருக்குப் போயிற்று.

வெளியே சைக்கிளை எடுக்கப் போன டாக்டர், துரைக்கண்ணுவைப் பார்த்ததும் நின்றார்.

"நெசமாவா சொன்ன நீ?"

"நெசங்க."

"அன்னிக்குக் கொட்டகை வாசல்ல கேட்டனேய்யா."

டாக்டர் சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுத்தார். "நான் கடலூர்ல சொல்லிப் பாக்கறேன்" என்றார். "ஆனா அவங்க கேக்கறதுக்குத்தான் நான் பதில் சொல்ல முடியும்." சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே போனார்.

அந்தக் கோர்ட்டில் அவன் சொன்னதை நம்பினவள் ஒருத்தி உண்டு. மீனம்பாள். அவனுடைய ரோஷம் எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியாதா? எல்லாரும் போன பிறகு அவன் எதிரில் வந்து நின்றாள்.

"என்ன கூப்புட வேணாம்னு நீதான் சொன்னியா?"

"ஆமா அண்ணி."

"அவ கூப்புடறேன்னாளா?"

"ஆமா அண்ணி. மொதல்ல உன்னத்தான் சொன்னா."

மீனம்பாள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, நான் ஒரு நிமிசத்துல வந்திருப்பேனே" என்றாள். "உன்ன எம்மா திட்டியிருந்தாலும் புள்ளைக்குன்னா வந்திருப்பேனே பாவி." அன்று மாலையே ஸ்டேஷனுக்குப் போய், தான் கொடுத்த புகாரைத் திருப்பிக் கொடுங்கள் என்று அழுதிருக்கிறாள். இனி அது உன் வழக்கு இல்லை அம்மா, சர்க்கார் வழக்கு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

கடலூரில் டாக்டர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். இது தெரியாமல் செய்த வைத்தியமாகவும் இருக்கலாம் என்று தாமாகவே சொன்னார். அப்படி இருக்கலாம் என்பதற்குப் பிரேதத்தில் ஏதாவது அடையாளம் உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றார். அவர் பொய் சொல்லத் தெரியாதவர், வேறென்ன சொல்வார்? துரைக்கண்ணுவும் மறுபடி ஏறிச் சொன்னான். இந்தத் தடவை யாரும் சிரிக்கக்கூட இல்லை. அவனுடைய பழைய வாக்குமூலத்தை எடுத்து வாசித்தார்கள், முடிந்தது. மங்கை அங்கேயும், யாரும் சொல்லவில்லை என்றே சொன்னாள். கொல்லவேண்டும் என்று செய்ததாக நிரூபணம் ஆகவில்லை, ஆனால் சாவுக்குக் காரணம் இவள்தான் என்று சொல்லி ஜட்ஜு ஏழு வருஷம் போட்டார். தூக்கு இல்லை என்று வக்கீல் சந்தோஷப்பட்டார்.

கோர்ட் வராந்தாவில் வேலூர் ஜெயிலுக்குக் கொண்டுபோகும் வண்டிக்காக அவளை உட்காரவைத்திருந்தார்கள். கூட வந்த பெண் கான்ஸ்டபிள் நல்ல மாதிரி, ஐந்து நிமிஷம் பேசிக்கொள்ளுங்கள் என்று தள்ளி நின்றுகொண்டாள். மீனம்பாள் கோவிந்தசாமியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். மங்கையைப் பார்த்ததும் காலில் விழப்போனாள். மங்கை எட்டி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அழாத அக்கா. நீ போட்டிருந்தா நின்னிருக்கும். அது எனக்குத் தெரியும்."

"இனிமே ஒரு புள்ளைக்கும் போட மாட்டேன்டி. இந்தக் கையால மஞ்சளத் தொட மாட்டேன்."

பையன் தாயிடம் தாவினான். வாங்கி மடியில் வைத்து, அவன் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டாள். முகத்தை அவன் தலையில் வைத்து அழுத்திக்கொண்டாள். துரைக்கண்ணு இரண்டடி தள்ளி, துண்டைக் கையில் சுருட்டியபடி நின்றான்.

"மங்க, நான் சொல்லிட்டேன்மே. ரெண்டு கோர்ட்லயும் சொல்லிட்டேன். நீ ஏன் இல்லன்ன? ஒரு வார்த்த ஆமான்னு சொல்லியிருந்தா..."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஒரு வருஷத்தில் முதல் தடவையாக நேராகப் பார்த்தாள்.

"உனக்காக 'இல்ல'ன்னு சொன்னேன்னு நெனச்சிக்காத மாமா. பையனுக்கு ஆராவது வெளிய இருக்கணும்னு சொன்னேன்."

வண்டி வந்துவிட்டது. கான்ஸ்டபிள் எழுந்திருக்கச் சொன்னாள். மங்கை பையனை முத்தமிட்டு, துரைக்கண்ணு நீட்டிய கையைத் தாண்டி, மீனம்பாளின் இடுப்பில் வைத்தாள்.

"அக்கா, இவன் உன் வூட்லயே இருக்கட்டும். காய்ச்சல் கீய்ச்சல்னா ஒடனே டாக்டரு கிட்ட தூக்கினு ஓடு. அவரு நல்லவரு. ஊசி போட்டா போடட்டும்." வண்டிப் படியில் கால் வைத்தவள் ஒரு நொடி நின்று அவன் பக்கம் திரும்பினாள். குரலில் கோபம்கூட இல்லை. "நீ தெனம் வந்து பாரு. துணிமணி வாங்கிக் குடு. ஆனா புள்ளைக்கு ஒடம்பு சரியில்லன்னா நீ மட்டும் ஒண்ணும் சொல்லாத மாமா. ஒரு வார்த்த சொல்லாத."

துரைக்கண்ணு சரி என்று தலையாட்டினான்.